கால் முட்டுதோ?

எந்தக் கதிரையில் இருந்தாலும் நேசமலர் உடனே சாய்ந்துகொள்வதில்லை. முதலில் நுனியில் இருப்பார். பிறகு வலது காலின் பெருவிரலை மட்டும் மெதுவாக இறக்கி, குளிக்கப் போகிறவர் தண்ணீரின் குளிரைப் பார்ப்பது போல நிலத்தைத் தொட்டுப் பார்ப்பார். பட்டால் மற்றக் காலும் இறங்கும். படாவிட்டால் கைப்பையை எடுத்துக் கீழே வைத்து, அதன் மேல் இரண்டு பாதங்களையும் சோடியாக அடுக்கி, ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொள்வார். பல் வைத்தியரிடம் இப்படித்தான். வங்கியில் இப்படித்தான். அவரிடம் இருக்கும் கைப்பைகள் எல்லாம் மேற்பக்கம் நசுங்கிக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

ஜேர்மனியில் நிலம் எல்லாருக்கும் ஒரே தூரத்தில் இல்லை என்பது அவருடைய முடிவு. வீட்டுக் குசினியில் உள்ள நாலு மரக்கதிரைகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் சோதனை ஒன்றும் இல்லாமல் பொத்தென்று இருப்பார். "ஜேர்மன்காரன் தெரியாத்தனமா ஒழுங்காச் செய்த சாமான் இது ஒண்டுதான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

ஆஹென் நகரத்தின் நடுவில், ஒரு சலவைக் கடையின் மூலையில் தையல் மெஷின் போட்டு, உடுப்புத் திருத்திக் கொடுப்பது அவருடைய வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் காற்சட்டையின் நீளம் குறைக்க வருகிறவர்கள். அவர்களுக்கு நேசமலர் சொல்லும் சட்டம் ஒன்று உண்டு: எந்தச் சப்பாத்தோடு அந்தக் காற்சட்டையைப் போடப்போகிறீர்களோ, அந்தச் சப்பாத்தோடு வந்து நில்லுங்கள். வேறு சப்பாத்தோடு வருகிறவர்களை, பேராசிரியராக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுவார்.

சலவைக் கடையின் அந்த மூலையில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, அவருடைய பெயரும் இல்லை. சென்ற மாசியில் ஒரு வாய்ப்பு வந்தது. நகரத்துக்குத் தெற்கே, மேட்டில் ஏறிப்போனால் வரும் ஒரு சிற்றூரில், ஃபிராவ் விர்ட்ஸ் என்ற வயதான பெண்மணி தன் நூல்கடையை மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விட இருந்தார். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி. வெயில் வரும் யன்னல். நேசமலர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்று மனதுக்குள்ளேயே எழுதிப் பார்த்துவிட்டார்.

ஃபிராவ் விர்ட்ஸ் சொன்னது ஒன்றுதான். அந்த ஊர்ச்சனம் வேலைக்குப் போகிற வழியில்தான் உடுப்புக் கொடுக்கும். காலை ஏழு மணிக்குக் கடை திறந்திருக்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

முதல் பஸ் அந்த மேட்டுக்கு வந்து சேர எட்டு மணி தாண்டிவிடும். வீட்டில் உள்ள ஒரே கார், விடிய முதலே அவருடைய கணவர் தம்பித்துரையோடு பிஸ்கற் தொழிற்சாலைக்கு, அதுவும் எதிர்த்திசையில், போய்விடும்.

"ஸ்கூட்டர் எடுங்கோவன் அம்மா" என்றாள் மகள் தேனுஜா. "சின்ன ஸ்கூட்டருக்கு உங்கட கார் லைசன்சே காணும், வேற எடுக்கத் தேவையில்லை."

அதைக் கேட்டதும் தம்பித்துரையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அன்றிலிருந்து அவர் பிஸ்கற்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். சில்லின் விட்டம், பிறேக்கின் வகை, இருக்கையின் தையல் என்று ஸ்கூட்டரின் சாதகமே பார்க்கத் தொடங்கிவிட்டார். அவருடைய பழைய கூட்டாளி அரியரத்தினமும் பின்னேரங்களில் வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்த தீர்மானம்: வாகனம் என்றால் ஒரு பாரம் இருக்க வேண்டும், சில்லு பெரிதாக இருக்க வேண்டும், பார்த்தால் நாலு பேர் விலக வேண்டும். ஓட்டப்போகிறவர் அப்போது அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தாய், தகப்பன், மகள் மூவரும் யான்சன் என்பவரின் ஸ்கூட்டர் கடைக்குப் போனார்கள். புறப்படும்போதே தேனுஜா தாயின் காலைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, என்ர பூட்ஸையேன் போட்டனீங்கள்? அது பார்ட்டிக்குப் போடுற குதியுயர்ந்த சப்பாத்து."

"குளிரடி."

"குதியிலயோ குளிர்?"

நேசமலர் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒரு பழைய கோட்டிலிருந்து கம்பளித் துணியை அளவாக வெட்டி, அந்த பூட்ஸுக்குள் அடுக்காக வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை. காருக்குப் போகும்போது அவர் நடந்த நடை, ஈரமான வயலில் நடக்கும் கொக்கின் நடை.

யான்சன் நல்ல மனிதர். ஆனால் கூரைக்குக் கிட்டவாகத் தலை உள்ளவர். அவருடைய கண்ணுக்கு எல்லா ஸ்கூட்டரும் சின்னதுதான். உயரம் குறைந்த புது மாதிரி கோடைக்குத்தான் வரும் என்றார். இப்போது கையில் இருப்பது பெரிய சில்லு வைத்த இந்தக் கறுப்பு வண்டி. கல் பதித்த தெருவில் குலுங்காது என்றார். தம்பித்துரை அதைச் சுற்றி வந்தார். மூலையில் பின்பக்கம் பெரிய பெட்டி பூட்டிய ஒரு பழைய சின்ன ஸ்கூட்டர் நின்றது. ஒரு பீட்சாக் கடை மூடினபோது வந்ததாம். தம்பித்துரை அதன் மேல் தன் தொப்பியையும் கையுறைகளையும் வைத்துவிட்டு, கறுப்பு வண்டியின் சில்லைக் காலால் இரண்டு தட்டுத் தட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் கொண்டுவந்த தொழில்நுட்ப அறிவு அவ்வளவும் அந்தத் தட்டில் இருந்தது.

"ஏறிப் பாரும்."

நேசமலர் ஏறினார். யான்சன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். பூட்ஸின் நுனி நிலத்தைத் தொட்டது. தொட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஊன்றியது என்று சொல்ல முடியாது.

"கால் முட்டுதோ?" என்று கேட்டார் தம்பித்துரை.

"ஓம், முட்டுது."

"வடிவாப் பாரும். ரண்டு காலுமோ?"

"ரண்டுந்தான்."

தம்பித்துரை குனிந்து பார்க்கப் போனார். நேசமலர் குளிர்கோட்டின் கீழ்விளிம்பை இழுத்துவிட்டார்.

"பேந்து முட்டேல்லை எண்டு சொல்லக்கூடாது, என்ன?"

"முட்டுது எண்டுதானே சொல்லுறன். எத்தினை தரம் கேப்பியள்?"

"பாஸ்ட்!" என்றார் யான்சன், மேலேயிருந்து. சரியாகப் பொருந்துகிறதாம். செவ்வாய்க்கிழமை வரை கொண்டுபோய் ஓடிப் பாருங்கள், பிடித்தால் வந்து எழுதுவோம் என்று, ஓடிப் பார்ப்பதற்கென்று கடையில் வைத்திருக்கும் சிவப்பு இலக்கத் தகட்டைப் பின்னால் பூட்டிக் கொடுத்தார்.

ஓடிப் பார்ப்பது என்றால் ஒரு ஜேர்மன்காரர் என்ன செய்வார்? ஓடிப் பார்ப்பார். தம்பித்துரை பஞ்சாங்கத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை வாகனம் வாங்க உகந்த நாளே அல்ல. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் கோவிலில் பூசையை முடித்துவிட்டால், செவ்வாய்க்கிழமை நடப்பது வெறும் கையெழுத்துத்தானே? இப்படியாக, இன்னும் யான்சனுக்குச் சொந்தமான ஒரு ஸ்கூட்டர், யான்சனுக்குத் தெரியாமல், முருகனிடம் புறப்பட்டது. தம்பித்துரை அதை ஓட்டிப் போக, தாயும் மகளும் காரில் பின்னால் போனார்கள்.

தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் இருக்கிறது கோவில். முன்னால் கார்கள் நிறுத்தும் முற்றம், லேசான சரிவு. பூசை முடிந்து சனம் முழுக்க வெளியே வந்து வண்டியைச் சுற்றி நின்றது. "நேசமக்கா மோட்டச்சைக்கிள் எடுத்திட்டாவாம்" என்று செய்தி சாப்பாட்டு வரிசைவரை போய், அங்கே நின்றவர்களும் தட்டோடு வந்துவிட்டார்கள். ஐயர் முன்விளக்குக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கைப்பிடியில் பூமாலை கட்டி, இரண்டு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"அக்கா, ஏறி ஒருக்கால் முன்னுக்கு உருட்டுங்கோ."

நேசமலர் கோவில் வாசலில் விட்டிருந்த பூட்ஸை நோக்கி நடந்தார்.

"என்னக்கா இது? பூசை செய்த வண்டி. சப்பாத்தோட ஏறுறதோ? வெறுங்காலோட வாங்கோ."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி இருந்தார். ஸ்டாண்டில் நிற்கும் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாலையும் தானுமாக, தேரில் ஏறிய அம்மன் மாதிரித்தான் இருந்தார். படம் எடுத்தார்கள். தம்பித்துரை பெருமையோடு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

வலது பெருவிரல் பழக்கப்படி நிலத்தைத் தேடி இறங்கியது. நிலம் வரவில்லை. இடது பக்கம் தேடினார். அங்கேயும் வரவில்லை. வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, இடப்பக்கமாக, மிக மரியாதையாக, சாயத் தொடங்கியது.

"ஐயோ அரியண்ணை!"

அரியரத்தினம் அந்தப் பக்கம்தான் நின்றார். வண்டியின் பாரம் பற்றி அவர் பின்னேரங்களில் சொன்னதெல்லாம் இப்போது அவர் நெஞ்சில் வந்து சாய்ந்தது. கைகொடுக்கப் பத்துப்பேர் ஓடிவந்தார்கள். நேசமலருக்கு ஒரு கீறல் இல்லை. வண்டிக்கும் இல்லை. முன்விளக்கின் சந்தனம் முழுக்க அரியரத்தினத்தின் பட்டுவேட்டிக்குப் போய்விட்டது. நசுங்காத எலுமிச்சம்பழம் சரிவில் உருண்டு ஒரு காருக்குக் கீழே ஒளித்துக்கொண்டது.

சனம் சிரித்தது. நேசமலரும் சிரிக்க முயன்றார். தம்பித்துரை மட்டும் சிரிக்கவில்லை. அந்தரத்தில் தொங்கிய அந்த இரண்டு வெறுங்கால்களையும் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பூட்ஸைப் போய்ப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்து, உள்ளே விரல் விட்டு, கம்பளித் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். அதே அடுக்கில் அவற்றைத் திரும்ப உள்ளே வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஸ்கூட்டர் முன்னால், கார் பின்னால். நேசமலர் கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முதுகு ஒரு சந்தியிலும் திரும்பவில்லை.

குசினிக் கதிரையில் இருந்ததும் தம்பித்துரை கேட்டார்: "நான் எத்தினை தரம் கேட்டனான்?"

"கேட்டியள்தான்."

"அப்ப ஏன் முட்டுது எண்டனீர்?"

"முட்டினதுதானே. சப்பாத்தோட."

"அம்மா" என்றாள் தேனுஜா, "காற்சட்டை அளக்க வாற ஆக்களுக்கு நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்? எந்தச் சப்பாத்தோட வரச்சொல்லி?"

"நீ உன்ர வேலையைப் பார்." நேசமலரின் குரல் இறங்கிவிட்டது. "முட்டேல்லை எண்டால் வேற வண்டி இல்லை. வேற வண்டி இல்லையெண்டால் அந்தக் கடை இல்லை. பங்குனி முடியப்போகுது. அந்தக் கண்ணாடியிலை என்ர பேரை நான் எழுதிப் பாத்திட்டன் இஞ்சாருங்கோ. மனசுக்குள்ளை. அதை இனி அழிக்க எனக்கு ஏலாது."

தம்பித்துரை நெடுநேரம் மேசையைத் துடைத்தார். மேசையில் ஒன்றும் இருக்கவில்லை.

"றோட்டிலை விழுந்து கிடந்தீரெண்டால் ஆர் வந்து கடை திறக்கிறது? நானோ? எனக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியுமோ?"

அது கோபமா என்று தேனுஜாவுக்கு விளங்கவில்லை. நேசமலருக்கு விளங்கியது. எழும்பித் தேத்தண்ணீர் வைத்தார்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வேட்டி மாற்றிக்கொண்டு வந்த அரியரத்தினம் அதைத்தான் கிளப்பினார். "சாமிக்குக் காட்டின வண்டியை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? படம் எல்லாம் லண்டன் வரைக்கும் போயிட்டுது." உடனே ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"அர்ச்சனை ஆற்ற பேருக்குச் செய்தது?" என்று கேட்டார் ஐயர்.

"நேசமலர். சித்திரை நட்சத்திரம்."

"அப்ப அது அக்காவோட வரும். ஸ்கூட்டருக்கு நட்சத்திரம் நான் கேக்கேல்லையே" என்றார். பிறகு, "அடுத்த முறை வாங்கிப்போட்டு வாங்கோ" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை யான்சன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தம்பித்துரை எவ்வளவோ தேய்த்துக் கழுவியும் விளக்கின் இடுக்கில் குங்குமம் இருந்தது. கைப்பிடியில் ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தது.

"எங்கேயாவது அடிபட்டதா?"

தம்பித்துரை தன் ஜேர்மன் மொழியின் முழுப் பலத்தோடும் விளக்கினார். வாகனத்தைச் சோதித்து ஓடலாம் என்று சான்று கொடுக்க அரசாங்கம் 'டியூவ்' வைத்திருக்கிறது அல்லவா? அதுபோல இது எங்கள் கடவுளின் டியூவ்.

யான்சன் சிரத்தையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆனால் இந்தச் சின்ன வகைக்கு டியூவ் தேவையில்லையே."

நேசமலர் அவர்களைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவர் வேலைக்குப் போடும் தட்டைச் சப்பாத்தோடு வந்திருந்தார். கடைக்குள் வரிசையாக நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றாக ஏறினார். பெருவிரல் இறங்கும், முகம் சுருங்கும், இறங்கிவிடுவார். வரிசை முடிந்து மூலைக்கு வந்தார். அங்கே பீட்சா ஸ்கூட்டர். அதன் மேல் தம்பித்துரை அன்றைக்கும் தொப்பியை வைத்திருந்தார். நேசமலர் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

பெருவிரல் இறங்கியது. பின்னாலேயே பாதம் இறங்கியது. குதியும் இறங்கியது. மற்றக் காலும் அப்படியே. நேசமலர் ஒருமுறை எழும்பி மறுபடியும் பொத்தென்று இருந்தார்.

"இதிலையோ?" என்றார் தம்பித்துரை. "இது பீட்சாக்காரன்ர வண்டியெல்லே!"

"பொறுங்கோ."

இருந்தபடியே கால்களால் தள்ளி வண்டியைப் பின்னுக்கு நகர்த்தினார். கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார், தோள் நீளவில்லை. பிறேக்கைப் பிடித்தார், விரல்கள் எட்டிப் பிடித்தன. இறங்கி, ஸ்டாண்டில் ஒரு காலை வைத்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்தார். வண்டி தானாக ஏறி நின்றது. யான்சன் உதவிக்கு நீட்டிய கை காற்றில் நின்றது.

"பெட்டியைக் கழற்றித் தரலாம்" என்றார் யான்சன்.

நேசமலர் பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். பாற்கட்டியும் ஏதோ காய்ந்த இலையும் மணத்தது. "இருக்கட்டும். கழுவினால் பத்துக் கோட்டுக் கொள்ளும்."

"அம்மா, ஆரும் மறிச்சு மார்கரிட்டா கேட்டால்?"

"அளவெடுத்துத் தைச்சுக் குடுக்கிறன்."

கடைக்குப் பக்கத்துத் தெரு நல்ல ஏற்றம். நடுவில் ஒரு சிக்னல். தம்பித்துரை முதலிலேயே போய், சிக்னலுக்குச் சற்றுக் கீழே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து உருண்டு வரும் எதையும், அது மனைவியாக இருந்தாலும் ஸ்கூட்டராக இருந்தாலும், பிடித்துவிடும் நிலை. ஒரு கிழவர் நின்று அவரை வேடிக்கை பார்த்தார். நேசமலர் தலைக்கவசத்தோடு அவரைக் கடந்து ஏறினார். விளக்குச் சிவப்பானது. வண்டி நின்றது. பின்னால் ஒரு லொறி வந்து உறுமிக்கொண்டு நின்றது.

"கால் முட்டுதோ?" என்று தம்பித்துரை கீழேயிருந்து கத்தினார்.

நேசமலர் திரும்பவில்லை. இரண்டு சப்பாத்தாலும் தெருவை ஓங்கி மிதித்தார். லொறியின் உறுமலுக்கு மேலாக அது கேட்டது. தம்பித்துரை கையை மடக்கிக்கொண்டார்.

அன்று பின்னேரமே ஃபிராவ் விர்ட்ஸுக்கு ஓம் என்று சொல்லியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடியும் பூசை. நேசமலர் வெறுங்காலோடு ஏறி, ஒரே உருட்டில் இரண்டு பழத்தையும் நசித்தார். சாறு தெறித்தது அரியரத்தினத்தின் வேட்டியில்தான். "என்னை உங்கட வண்டிக்கு நேர்ந்து விட்டிருக்குதோ?" என்று அவர் கேட்டதற்கு, "பாரமான வண்டிதான் வேணும் எண்டு நீங்கள்தானே அண்ணை நிண்டனீங்கள்" என்றார் நேசமலர்.

இப்போது அந்த மேட்டு ஊரில், காலை ஏழு மணிக்கு முன்னால், சந்தனப் பொட்டு வைத்த ஒரு பீட்சா ஸ்கூட்டர் ஏறிப்போவது எல்லாருக்கும் தெரியும். மார்கரிட்டா கேட்டு ஒருவர் உண்மையாகவே மறித்தும் இருக்கிறார். அவர் இப்போது நிரந்தர வாடிக்கையாளர். காற்சட்டைக்குள் அடங்காமல் இடுப்பு மாதாமாதம் பெருக்கிறதாம். கண்ணாடியில் பெயர் இரண்டு மொழியிலும் இருக்கிறது. தமிழில் உள்ளது சற்றுப் பெரிது.

கடை திறப்பதற்கு முதல் நாள், தைக்க இருக்கும் கதிரை வீட்டுக் குசினிக் கதிரையாகத்தான் இருக்க வேண்டும் என்று நேசமலர் ஒரே பிடி. அதைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக் கொண்டுபோனவர் அரியரத்தினம். கதிரைக் காலின் அடியில் ஒட்டியிருந்த கம்பளித் துண்டு ஒன்று கழன்று விழுந்தது. அதற்கு மேலே மரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. நேசமலர் உள்ளே பெயருக்கு அழகு பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த தேனுஜாவிடம் அரியரத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

"இது மரம் அரியிற என்ர வாளாலை அரிஞ்சது. நேசம் ஊரிலையிருந்து வந்து இறங்கிறதுக்கு முதல் கிழமை, வீட்டுக்குக் கீழை கெல்லருக்குள்ளை வைச்சு நாலு கதிரையையும் தம்பித்துரை அரிஞ்சவன். ஆள் இல்லாமல் அளவெடுக்கிறது எப்பிடியெண்டு கேட்டன். நேசத்தின்ர முழங்கால் எவ்வளவு உயரம் வரும் எண்டு தனக்குத் தெரியுமாம். கதிரைக் காலிலை பென்சிலாலை கோடு போட்டான்."